இன்னொரு பூப்பொட்டலம்

கோல் கம்பங்களைப் பிடுங்கிக்கொண்டு போன பிறகும், சாயந்தரமானால் அண்ணன் மைதானத்துக்குப் போய், கம்பம் இருந்த இரண்டு குழிகளுக்கும் நடுவில் நிற்பான். பந்து கிடையாது. எதிரில் ஆளும் கிடையாது. முழங்காலை லேசாக மடக்கி, கைகளை விரித்து, வராத பந்துக்காக நிற்பான். வெயில் சாய்ந்து, குழி இரண்டும் கறுப்பாகத் தெரிய ஆரம்பிக்கும்போது அம்மா என்னை அனுப்புவாள். நான் வேலியோரம் நின்று பார்ப்பேனே தவிர, கூப்பிட மாட்டேன். எனக்குச் சத்தமாகப் பேச வராது. அன்றும் வராது, இன்றும் வராது. அவனாகத் திரும்பிப் பார்த்தால்தான் உண்டு.

இத்தனை வயதான பிறகும் அந்தக் காலத்தை நினைத்தால் முதலில் அந்தக் குழிகள்தான் தெரிகின்றன.

நாங்கள் குடியிருந்தது கோயமுத்தூருக்குக் கிழக்கே, ஒரு மில்லின் லைன் வீடுகளில். நீலகிரியில் பைக்காரா அணையிலிருந்து கரண்டு வந்து, ஊரைச் சுற்றி மில்லுக்கு மேல் மில்லாக எழும்பிய காலம். கம்பும் சோளமும் விதைத்துக்கொண்டிருந்தவர்கள் காட்டை விட்டுவிட்டு, மில் சங்கின் சத்தத்துக்கு எழுந்து ஓடப் பழகியிருந்தார்கள். நான் நடை பழகும் முன்பே அப்பா இறந்துவிட்டார். அண்ணன் சம்பாத்தியத்தில்தான் வீடு நடந்தது. அவனுக்குப் புளோரூமில் வேலை. பஞ்சு பேலை உடைத்து மிஷினில் போடுகிற இடம். அங்கே வேலை செய்கிறவர்கள் வெளியே வரும்போது தலை, புருவம், காது மயிர் எல்லாம் வெளுத்திருக்கும். வாலிபப் பிள்ளைகள் கிழவர்களாகி வருகிற மாதிரி இருக்கும். அண்ணன் வாசலில் நின்று உடம்பை உதறுவான். உதறி முடித்ததும் இருமுவான். அவன் வந்துவிட்டான் என்று எனக்குச் சொல்வது அந்த இருமல்தான்.

லைன் ஆட்களுக்கு ஒரு பந்தாட்டச் சங்கம் இருந்தது. பேர்பெற்ற சங்கங்கள் மேல் பிரிவில் ஆடின, எங்களுடையது கீழ்ப் பிரிவில். பாதிப் பேர் வெறுங்காலில் ஆடுவார்கள். எல்லாருக்கும் மஞ்சள் பனியன். கோல் காக்கிற அண்ணனுக்கு மட்டும் பச்சையில் முழுக்கைச் சட்டை. அந்தப் பச்சையை எங்கிருந்து பார்த்தாலும் தெரியும்.

சங்கம் கடனில் விழுந்தது மழையால். கோபிசெட்டிபாளையத்தில் ஒரு போட்டிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பஸ் ஒன்றை வாடகைக்குப் பேசிக்கொண்டு எல்லாரும் போனார்கள். போன அன்று பிடித்த மழை விடவே இல்லை. மைதானத்தில் நெல் வயல் மாதிரித் தண்ணீர் நின்றதாம். சத்திரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, ஒரு ஆட்டமும் ஆடாமல் திரும்பி வந்தார்கள். பஸ் வாடகை, சாப்பாடு, அதற்கு முன்பு வாங்கிய பந்து, பனியன் எல்லாம் பெரிய கடைவீதி வியாபாரி ஒருவர் கணக்கில். அடுத்து மில்லில் பாதி நாள்தான் வேலை என்று ஆகிவிட்டது. வியாபாரி பொறுத்துப் பார்த்தார். பிறகு வண்டி கட்டி ஆள் அனுப்பி, கம்பம், வலை, பந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தச் சமயத்தில் டவுனில் இருந்த ஒரு பெரிய சங்கம் ஒரு யோசனை சொல்லி அனுப்பியது. கடனை அவர்கள் அடைத்துவிடுவார்கள். எங்கள் சங்கத்தைக் கலைத்துவிட வேண்டும், மைதானம் அவர்களுக்கு. ஆட்களில் அண்ணனை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். அவனுக்கு அவர்கள் மில்லில், ஸ்டோர் ரூமில் வேலையும் தருவார்கள்.

அம்மா பக்கத்து வீட்டுக்குப் போய்க் கேட்டாள். பக்கத்து வீட்டில் இருந்தவர்தான் சங்கத்துக்குக் கேப்டன். லைனில் எல்லாருக்கும் அவர் கேப்டன்தான், பேர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை.

"ஏனுங் தம்பி, ஸ்டோர்ல தூசி இருக்காதுங்களா?"

"ஸ்டோர்ல என்னங்க்கா தூசி? சாமானத்த எடுத்துக் குடுக்கற வேலை. நெழல்ல உக்காந்துக்கலாம்."

"ஜன்னல் இருக்குதுங்களாமா?"

"இருக்குமுங்க்கா."

இதையே மறுநாளும் கேட்டாள். தறிகெட்ட ஆசை ஒன்றும் இல்லை அவளுக்கு, மகன் இருமாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அண்ணன் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டான். "நான் ஒருத்தன் போயி நெழல்ல உக்காந்துக்கறதுக்கு, இத்தன பேரு ஆடறதக் கெடுத்துப் போடோணுமா?"

"உன்ற இருமல் கேக்கலயாடா உனக்கு?"

"அது பனிக்கு வாரதும்மா."

அது சித்திரை மாசம்.

ஆட்களும் இரண்டு பட்டார்கள். கலைத்துவிட்டால் கடன்காரன் வாசலுக்கு வர மாட்டான் என்று பாதிப் பேர், வேண்டாம் என்று பாதிப் பேர். பேசிப் பேசி ஓயாததால் அம்மனைப் பூக்கேட்பது என்று முடிவாயிற்று. எங்கள் பக்கத்தில் எதற்கும் அதுதான் வழக்கம். பெண் கொடுப்பது, கிணறு வெட்டுவது, பூமி விற்பது எல்லாமே கேட்டுத்தான். வெள்ளரளிப் பூ ஒரு இலையில், செவ்வரளிப் பூ ஒரு இலையில், வாழை நாரால் கட்டி அம்மன் காலடியில் வைப்பார்கள். சின்னப் பிள்ளை ஒன்று, ஏதாவது ஒன்றை எடுக்கும். எடுத்ததைப் பிரித்துப் பார்ப்பார்கள். இன்னொன்றைப் பிரிக்கவே கூடாது. பிரித்தால் அம்மன் சொன்னதை நம்பாமல் சோதித்த மாதிரி ஆகும். அதை அப்படியே கிணற்றில் போட்டுவிடுவார்கள்.

வெள்ளை வந்தால் சங்கம் இருக்கும், சிவப்பு வந்தால் கலைத்துவிடுவது.

எடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். நான் மூன்றாம் வகுப்போ நாலாம் வகுப்போ படித்துக்கொண்டிருந்தேன். "வாயே தொறக்காத புள்ளை, கள்ளமில்லாத கை" என்றார் கேப்டன். அம்மா எனக்குத் தலைக்கு ஊற்றி, ஈரத்தோடு சடை பின்னிவிட்டாள். பின்னும்போது என் காதோரம் குனிந்து சொன்னாள்.

"சேப்பு வரோணும்னு சாமிய நெனச்சுக்க, கண்ணு."

கோவிலுக்குப் போகிற வழியில் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தான். எந்தப் பூ வர வேண்டும் என்று அவன் சொல்லவில்லை. கோவிலுக்குள் போனதும் கையை விட்டுவிட்டுப் பூசாரியோடு உள்ளே போய்விட்டான்.

கற்பூரம் காட்டினார்கள். ஆட்கள் எல்லாரும் குத்த வைத்து உட்கார்ந்திருந்தார்கள். அம்மன் காலடியில் இரண்டு பச்சைப் பொட்டலம். நான் கண்ணை மூடிக்கொண்டேன். சிவப்பு என்று நினைத்தேன். அண்ணன் முகம் வந்தது, அப்போது வெள்ளை என்று நினைத்தேன். இரண்டையும் நினைத்தபடியே கையை நீட்டினேன். விரலில் ஈர இலை பட்டது. எடுத்துவிட்டேன்.

பூசாரி பிரித்தார். வெள்ளை.

ஆட்கள் போட்ட சத்தத்தில் கோவில் மணி தானாக ஆடியது போல இருந்தது. அண்ணன் என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். மேலே இருந்து அம்மாவைத் தேடினேன். பெண்கள் பக்கத்தில் நின்றிருந்தாள். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்காக அம்மா என்னைத் திட்டவில்லை. ஆனால் எதற்கும் முதல் கையாக என்னைத் தொடச் சொன்னதில்லை. புதுக் கம்பு வந்தால், தானியம் கொட்டி வைக்கிற மொடாவில் அவளே முதலில் கை விடுவாள். பறிக்கிற முதல் அவரைக்காய் அவள் பறிப்பாள். வேண்டுமென்றே செய்தாளா என்று எனக்குத் தெரியாது. நான் கவனித்தது அவளுக்குத் தெரிந்திருக்கும்.

சங்கத்தை விழாமல் தாங்கியவர்கள் பெண்கள்தான். எதிர் வீட்டு அக்கா ஒருவர் ரீலிங்கில் நூல் சுற்றுகிறவர், நல்ல வாய். குழாயடியில் அவர் சொன்னதுக்கு எல்லாரும் சிரித்தார்கள்.

"ஆம்பளைங்க சாமிகிட்டக் கேட்டுப்போட்டு வந்துட்டாங்க. இனிக் கடனக் கட்டறதுக்கும் சாமியே வருமுங்களா?"

அவர் ஏற்பாட்டில்தான் பிடித் தானியம் ஆரம்பித்தது. ராத்திரிச் சமையலுக்குக் கம்போ சோளமோ எடுக்கும்போது ஒரு பிடியைச் சங்கத்துக்கென்று தனியாகப் போட வேண்டும். வாரக் கடைசியில் கேப்டன் வீட்டு மொடாவில் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். அதைச் சந்தையில் விற்று வியாபாரிக்குக் கொடுப்பார்கள். எங்கள் வீட்டிலும் பிடி போட்டோம். அம்மாதான் போடுவாள். சில நாள் அவள் கை மொடாவுக்குள்ளேயே ரொம்ப நேரம் இருக்கும். பிறகு நிறைய அள்ளிப் போடுவாள். சிவப்பு வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டவள், வேறு எந்த வீட்டையும் விட அதிகமாகப் போட்டாள்.

கொஞ்சம் கடன் குறைந்ததும் வியாபாரி கம்பங்களைத் திருப்பிக் கொடுத்தார். அதே குழிகளில் நட்டார்கள். அடுத்து டிக்கெட் போட்டு ஆட்டம் நடத்த வேண்டுமென்றால் மைதானத்தைச் சுற்றி மறைப்பு வேண்டும். மில்லில் கிழிந்த பேல் சாக்குகளைக் கேட்டு வாங்கி வந்தார்கள். லைன் பெண்கள் எல்லாரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கோணி ஊசியால் தைத்தோம். என் விரலெல்லாம் பொத்தல்.

"ஏனுங்க்கா, இத்தனையும் கட்டி என்னத்துக்கு ஆவுது? பாதிப் பேரு மரத்து மேல ஏறிப் பாத்துப் போடுவானுக" என்றாள் ஒருத்தி.

"ஏறட்டும் ஏறட்டும்" என்றார் எதிர் வீட்டு அக்கா. "எறங்கறப்ப வேட்டியப் புடிச்சுக்கிட்டு டிக்கெட்டுக் காசக் கேளு. குடுத்துப்போட்டுத்தான் ஊட்டுக்குப் போவான்."

அம்மாகூடச் சிரித்தாள். அவள் சிரித்தது எனக்கு ஞாபகம் இருக்கும் கடைசித் தடவை அது.

பூ எடுத்த கை என்பதால் ஆட்களுக்கு என் கைமேல் ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. ஆட்டம் தொடங்கும் முன் பந்தை என்னிடம் கொண்டு வருவார்கள். எல்லார் கண்ணும் என்மேல் இருக்கும். எனக்குக் காதெல்லாம் சுடும். அண்ணன் பந்தை நீட்டிக்கொண்டு, "கை வெய்யி அம்மணி, கடிக்காது" என்பான். நான் ஒரு விரலை வைத்துவிட்டுச் சாக்கு மறைப்புக்குப் பின்னால் ஓடிவிடுவேன். பெண்கள் உள்ளே உட்கார்ந்து பார்க்க மாட்டார்கள். தையல் இடைவெளியில் கண்ணை வைத்துப் பார்ப்பார்கள். நான் என் கண்ணுக்கு ஒரு ஓட்டை வைத்திருந்தேன். அதில் பார்த்தால் சரியாகக் கோல் தெரியும். பச்சைச் சட்டை இங்கும் அங்கும் நகரும். பந்து இந்தப் பக்கம் வராதபோது அவன் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமுவான். கூட்டம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். நான் மட்டும் பார்ப்பேன்.

ஆட்டங்களில் ஜெயித்தார்கள், கடன் தேய்ந்தது, அண்ணனும் தேய்ந்தான். துண்டை அவனே துவைத்துக்கொள்ள ஆரம்பித்தான். ஒரு நாள் அது கொடியில் காய்வதைப் பார்த்தேன். எத்தனை துவைத்தும் போகாத ஒரு கறை. மார்கழிப் பனியில் படுத்தவன் பிறகு மைதானத்துக்குப் போகவில்லை. சாயந்தரம் ஆட்கள் ஆடிப் பழகுகிற சத்தம் வீட்டுக்குள் கேட்கும். பந்து தட்டும் ஒவ்வொரு தடவையும் போர்வைக்குள் அவன் கை விரியும்.

தை பிறந்து கொஞ்ச நாளில், மத்தியானச் சங்கு ஊதிக்கொண்டிருக்கும்போது போய்விட்டான். சங்கு நின்ற பிறகுதான் அம்மாவின் சத்தம் வெளியே கேட்டது.

அடுத்து வந்த நாட்களில் எங்கள் வீட்டுப் பின்சுவரில் பந்து தட்டும் சத்தம் எனக்குக் கேட்டது. அண்ணன் சின்ன வயதில் கழிவுப் பஞ்சைத் துணியில் உருட்டிக் கட்டி, அந்தச் சுவரில் எறிந்து எறிந்து பிடிப்பான். மண் உதிர்ந்து அங்கே ஒரு பள்ளமே இருந்தது. பட்டப்பகலில் கேட்கும். போய்ப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. அம்மாவுக்குக் கேட்டதா என்று நான் கேட்கவில்லை. ஆனால் சத்தம் வருகிறபோது அவள் முறத்தைத் தட்டுவதை நிறுத்துவாள்.

காரியம் இன்னும் கழியவில்லை. அதற்குள், முன்பே நாள் குறித்து வைத்திருந்த ஒரு ஆட்டம் வந்துவிட்டது. டவுனின் அந்தப் பெரிய சங்கமே வந்து ஆட ஒத்துக்கொண்டிருந்தது. கூட்டம் வரும். அந்த டிக்கெட் காசோடு கடன் தீர்ந்துவிடும். நடக்காமல் போனால் வியாபாரி சொன்ன தவணை தவறிவிடும், கம்பம் மறுபடியும் வண்டியில் ஏறும். நாள் தள்ளி வைக்கக் கேட்டுப் பார்த்தார்களாம், முடியவில்லை.

ஆட்டத்தன்று மத்தியானம் கேப்டன் வந்தார். செருப்பை வெகு தூரத்தில் விட்டுவிட்டு, வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

"என்னங் தம்பி?" என்றாள் அம்மா. கூந்தலைக்கூட அள்ளி முடிந்திருக்கவில்லை அவள்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சட்டை ஒண்ணு இருக்குதுங்க்கா. பச்சை. சங்கத்துல அது ஒண்ணுதானுங்க இருக்குது."

அம்மா எழுந்து அண்ணனின் தகரப் பெட்டியைத் திறந்தாள். அவன் போன பிறகு அதை அன்றுதான் திறந்தாள். பச்சைச் சட்டை மடித்து மேலாகவே இருந்தது. எடுத்து உதறினாள். பஞ்சுத் தூசி பறந்தது. சட்டைக்குள்ளிருந்து ஏதோ கீழே விழுந்தது.

காய்ந்து சுருண்ட இலைப் பொட்டலம். வாழை நார் இன்னும் கட்டியபடியே இருந்தது.

அதை நான் உடனே கண்டுகொண்டேன். அம்மாவும் கண்டுகொண்டாள். கிணற்றில் போட்டிருக்க வேண்டிய பொட்டலம்.

"இது எப்படீங்க இவன்கிட்ட?"

கேப்டன் முகம் மாறிவிட்டது. "கெணத்துல போட்டுட்டு வாரேன்னு அவந்தானுங்க வாங்கிட்டுப் போனான்."

"பூவக் கட்டுனது யாருங்?"

"பூசாரிக்குக் கை நடுங்குமுங்க. அதனால அவனே கட்டிக் குடுத்தானுங்க்கா."

அம்மா பொட்டலத்தை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். நார் இற்றுப்போயிருந்தது. நகத்தால் தொட்டால் அவிழ்ந்துவிடும். உள்ளே சிவப்பு இருந்தால், எடுத்தது என் கைதான், சொன்னது அம்மன்தான். வெள்ளை இருந்தால், அவன் இரண்டிலும் வெள்ளையையே வைத்துக் கட்டியிருக்கிறான். அம்மனையும் எங்களையும் ஏமாற்றிவிட்டு, அந்தத் தூசிக்குள் தானாகவே திரும்பிப் போயிருக்கிறான். அந்த வயதிலேயே எனக்கு அது விளங்கிவிட்டது. பிரி, பிரி என்று மனசுக்குள் கத்தினேன். வாய் வரவில்லை.

அம்மா பிரிக்கவில்லை. மாடக்குழியில், விளக்குக்குப் பின்னால் அதை வைத்துவிட்டு வந்தாள். சட்டையைக் கேப்டன் கையில் கொடுத்தாள். அவர் போகவில்லை.

"இன்னும் என்னங்?"

"பசங்க எறங்க மாட்டேங்கறாங்க. அம்மணி கை வெக்கோணுமாமா." பிறகு அவசரமாகச் சொன்னார், "தீட்டுன்னு ஒருத்தனும் சொல்லலீங்க்கா."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பூ எடுத்த அன்றைக்குப் பிறகு அவள் என் முகத்தை நேராகப் பார்த்தது அப்போதுதான். பக்கத்தில் வந்து என் வலது கையைப் பிடித்து, தன் முந்தானையால் துடைத்தாள். அழுக்கு ஒன்றும் இல்லை. இருந்தாலும் விரல் விரலாகத் துடைத்தாள்.

"போயி வெச்சுப்போட்டு வா கண்ணு" என்றாள். "ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அவன் கேட்டானே."

கேப்டனிடம், "பொழுதோட கொண்டாந்து உடுங்க" என்றாள்.

மைதானத்தில் அத்தனை கூட்டத்தை நான் பார்த்ததில்லை. வேப்பமரத்திலும் ஆட்கள். நான் போனதும் சத்தம் அடங்கியது. பந்தை நீட்டியவன் யார் என்று நான் பார்க்கவில்லை. வெயிலில் கிடந்த பந்தின் தோல் சுட்டது. எப்போதும் ஒரு விரல்தான் வைப்பேன். அன்று கை முழுதையும் வைத்தேன்.

சாக்குக்குப் பின்னால் போய் என் ஓட்டையில் கண்ணை வைத்தேன். பச்சைச் சட்டையைப் போட்டிருந்தவன் வேறொருவன். சட்டைக் கை நீளமாகி அவன் விரல் வரை வந்தது. அவன் கோலுக்கு நடுவில் நிற்கவில்லை. கொஞ்சம் ஒதுங்கி, பக்கத்தில் இன்னொருவர் நிற்க இடம் விட்ட மாதிரி நின்றான். ஆட்டம் முடியும்வரை அப்படித்தான் நின்றான். காலியாக விட்ட அந்தப் பக்கமாகவே பந்துகள் உள்ளே போயின. தோற்றுவிட்டோம். யாரும் அவனை ஒரு சொல் சொல்லவில்லை.

கடன் தீர்ந்தது. கம்பங்கள் நின்றன. அந்தச் சங்கம் அதற்குப் பிறகு வெகு காலம் ஆடியது. மேல் பிரிவுக்கு ஒரு தடவை போய்த் திரும்பியது என்றும் கேள்விப்பட்டேன். நான் கல்யாணமாகிச் சத்தியமங்கலம் பக்கம் போய்விட்டேன்.

அம்மா இருந்தவரை பொட்டலம் மாடக்குழியிலேயே இருந்தது. சுண்ணாம்பு அடிக்கிறபோது எடுத்து வைத்துக்கொண்டு, அடித்து முடித்ததும் மறுபடியும் அங்கேயே வைப்பாள். அவள் போன பிறகு அதை நான் எடுத்து வந்தேன். சிவப்பாக இருந்தால் என்னைப் பார்க்கிறபோதெல்லாம் அவளுக்கு மனசு வேகும். வெள்ளையாக இருந்தால் அவனை நினைக்கிறபோதெல்லாம் வேகும். அதனால்தான் பிரிக்கவில்லை என்று நான் நினைத்துக்கொள்கிறேன். அவள் சொன்னதில்லை.

ஒரு நாள் மத்தியானம், வீட்டில் யாரும் இல்லாதபோது, வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து நான் பிரித்தேன். இலை பொடிந்து மடியில் விழுந்தது. உள்ளே பூ இருந்தது. பழுப்பாக. வெள்ளரளியும் செவ்வரளியும் காய்ந்துபோனால் ஒரே நிறம்தான் என்பது எனக்கு அதற்கு முன்பு தெரியாது. வெளிச்சத்தில் பிடித்தேன். காம்போரம் சிவப்பாகத் தெரிந்தது. திருப்பினால் வெறும் பழுப்பு. மறுபடியும் திருப்பினேன்.

பிறகு வேறு ஒரு இலை எடுத்து, அந்தப் பூவை வைத்து, அண்ணன் கட்டியிருந்தது போலவே புது நாரைச் சுற்றி முடிச்சுப் போட்டேன். விளக்குக்குப் பின்னால் வைத்தேன். அங்கேதான் இருக்கிறது.